மதுரையில் மாடி சோலார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதியில் யார் சோலார் போட நினைத்தாலும் அவர்களுடைய ஈபி அட்டையை வாங்கிப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வழக்கம். திருநகர், கே.புதூர், வில்லாபுரம், திருமங்கலம், மேலூர் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வெயில் நமக்கு எப்போதும் இருந்தது. மாறியிருப்பது பேனலின் விலையும் அரசின் விதியும். அந்த இரண்டையும் தெரிந்துகொண்டு இறங்குபவர்களுக்குப் பணம் வீணாவதில்லை.

எங்கள் வீட்டுக்கு சோலார் லாபமா?

உங்கள் ஈபி அட்டையில் கடந்த ஆறு பில்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்பதுதான் விடை.

தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை கட்டணம் தாங்கக்கூடியது. 500-ஐத் தாண்டிய கணமே படி மாறிவிடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். அதே வீட்டில் 510 யூனிட் ஓடிவிட்டால் 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த சலுகை விலை, 500-ஐத் தாண்டியவர்களுக்குக் கிடையாது என்பதால் வருகிற வித்தியாசம் இது. அதற்குப் பிறகும் கட்டணம் சற்று ஏறியிருக்கிறது. ஆனால் படிகளின் அமைப்பு இதேதான்.

இப்போது 800 யூனிட் ஓடும் வீட்டைப் பாருங்கள். ஒரு ஏசி, ஃப்ரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் இருந்தால் கோடையில் இது சாதாரணம். அந்தக் கட்டணப்படி பில் 4,550 ரூபாய். இந்த வீட்டில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நம் ஊர் வெயிலுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 12 யூனிட் கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு 720. பாக்கி 80 யூனிட்தான் கணக்கில் நிற்கும்.

200 யூனிட்டுக்குள் ஓடும் வீடு என்றால் அவசரப்பட வேண்டாம். 2022 கட்டணத்தில் அந்த வீட்டு பில்லே 225 ரூபாய்தான். லட்சக்கணக்கில் போட்டு 225 ரூபாயை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. ஏஜென்ட் யாரும் இதை உங்களிடம் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன். ஏசி வாங்கும் யோசனையோ மின்சார ஸ்கூட்டர் வாங்கும் யோசனையோ இருந்தால் அப்போது திரும்பக் கணக்குப் போடலாம்.

மானியம் எவ்வளவு? செலவு எவ்வளவு?

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்யகர் திட்டம்தான் இப்போது நடப்பில் உள்ளது. ஒரு கோடி வீடுகளுக்கு என்று 75,021 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆக, 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அதே 78,000தான்.

3 கிலோவாட் போட, நல்ல பொருளாக வாங்கினால் பெரும்பாலும் ஒன்றே முக்கால் லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை ஆகும். மானியம் போக உங்கள் கையிலிருந்து ஒரு லட்சத்துச் சொச்சம். மேலே சொன்ன 800 யூனிட் வீட்டுக்கு நான்கைந்து வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்தக் குறைப்பு உங்களுக்குத் தரும் விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மானியம் வேண்டுமென்றால் பேனலும், அதற்குள் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் 'செல்' துண்டுகளும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். விலை கொஞ்சம் கூடுதல்தான். வெளிநாட்டு செல் வைத்த பேனலை மலிவாகக் காட்டி, "மானியமும் வரும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

"இலவச சோலார், இன்றே பதிவு செய்க" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

சூர்யகர் திட்டத்தின் முழுப் பெயரில் இலவச மின்சாரம் என்று இருப்பதால் வரும் குழப்பம் இது. பேனல் இலவசம் இல்லை. மானியம் முன்கூட்டியும் வராது. வேலை முடிந்து, நெட் மீட்டர் மாட்டி, மின்வாரியம் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். நடுவில் யாருக்கும் "மானியம் வாங்கித்தர" பணம் கட்டத் தேவையில்லை. அரசின் சூர்யகர் இணையதளத்தில் உங்கள் ஈபி சர்வீஸ் நம்பரைப் போட்டு நீங்களே பதியலாம். பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. அந்த நிறுவனம் ஐந்து வருடம் பராமரித்துத் தர வேண்டும் என்பது விதி. ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நெட் மீட்டர் எப்படி வேலை செய்கிறது?

காலை 11 மணிக்கு உங்கள் 3 கிலோவாட் பேனல் 2 கிலோவாட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கும். வீட்டில் ஒரு ஃபேனும் ஃப்ரிட்ஜும்தான் ஓடும். மிச்சக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போய், பெரும்பாலும் அடுத்த வீட்டு கிரைண்டரிலேயே செலவாகிவிடும். ராத்திரி நீங்கள் ஏசி போடும்போது கம்பியிலிருந்து எடுத்துக்கொள்வீர்கள். புது மீட்டரில் இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்று இரண்டு எண்கள் மாறி மாறி வரும். எடுத்ததில் கொடுத்ததைக் கழித்து மீதிக்குத்தான் பில். கொடுத்தது அதிகமாக இருந்தால் அது அடுத்த பில்லுக்கு வரவாகப் போகும்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021 அக்டோபரில் போட்ட உத்தரவின்படி வீட்டு இணைப்புகளுக்கு இந்த முறை உண்டு. யூனிட்டுக்கு யூனிட் கழிவது வீட்டுக்காரர்களுக்குப் பெரிய வரம். அது இல்லாமல் வெறும் மானியம் மட்டும் இருந்திருந்தால் பகல் முழுக்க வேலைக்குப் போய்விடும் குடும்பத்துக்கு சோலாரால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

2024-ல் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, 10 கிலோவாட் வரையான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று சொல்லிவிட்டது. இருந்தும் மீட்டருக்குக் காத்திருக்கும் வீடுகளை நான் பார்க்கிறேன். பேனல் தயாராக மாடியில் நிற்க, மீட்டர் வராமல் வெயில் வீணாவதைப் பார்த்தால் மனசு கேட்காது. பணம் கட்டும் முன்பே மீட்டர் விஷயத்தை யார் ஓடியாடிப் பார்ப்பது என்று நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள்.

கரண்ட் போனால் சோலாரில் வீடு ஓடுமா?

ஓடாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை வரை நிறுத்துவார்களே, அன்றைக்கு உச்சி வெயில் அடித்தாலும் உங்கள் சோலார் சும்மாதான் இருக்கும். கம்பியில் கரண்ட் இல்லை என்று தெரிந்தவுடன் சோலார் இன்வெர்ட்டர், அதாவது பேனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி, தானாக நின்றுவிடும். காரணம், அந்த நேரத்தில் லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் மாடியிலிருந்து கம்பிக்குக் கரண்ட் போனால் அவர் உயிருக்கு ஆபத்து. இந்தப் பாதுகாப்பை யாரும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றிவிடக் கூடாது.

கரண்ட் போகும்போதும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியுடன் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போட வேண்டும். செலவு நிறையக் கூடும். மதுரை ஊருக்குள் மின்தடை குறைவு. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரே அதற்குப் போதும் என்பது என் கருத்து.

எங்கள் மாடி சோலாருக்குத் தோதானதா?

ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். 3 கிலோவாட்டுக்கு 300. இப்போது வரும் பேனல் ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், நாலடிக்குச் சற்றுக் குறைவான அகலம், 27, 28 கிலோ எடை. மாசி வீதிகளுக்கு உள்ளே ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் இடத்தைவிட நிழல்தான் பிரச்சினை.

நிழலைப் பார்க்கச் சரியான மாதம் மார்கழி. மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 10 டிகிரி வடக்கே இருக்கிறது. சித்திரையில் உச்சி வெயில் தலைக்கு நேரே இறங்கும். ஆனி, ஆடியில் சூரியன் நமக்குச் சற்று வடக்கே போய்விடும். மார்கழியில்தான் தெற்கே நன்றாகச் சாய்ந்து நிற்கும். அப்போது தெற்குப் பக்கத்து வீட்டுச் சுவரும் தண்ணீர் டேங்கும் நீள நீளமாக நிழல் போடும். சித்திரையில் வந்து பார்த்துவிட்டு "நிழலே இல்லை சார்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். காலை 9, பகல் 12, மாலை 3 என்று மூன்று நேரம் மாடி ஏறி, தரையில் சாக்பீஸால் நிழலின் ஓரத்தைக் கோடு போட்டுப் பாருங்கள். பேனல்களை வரிசையாகக் கோத்து மாட்டுவதால், ஒரு பேனலில் டேங்க் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தியே அடிபடும்.

பேனலைத் தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வில் வைத்தால் நம் ஊருக்குச் சரி. மழையில் அழுக்கு வழிந்தோட அந்தச் சாய்வு போதும்.

அப்புறம், தட்டோடு. மதுரைப் பக்கம் மாடியில் சுண்ணாம்புக் காரை போட்டுத் தட்டோடு பதித்த வீடுகள் ஏராளம். அதில் துளை போட்டு போல்ட் அடித்தால் அடுத்த ஐப்பசி மழையில் ஒழுக ஆரம்பிக்கும். எங்கள் உறவினர் வீட்டில் ஒரு நிறுவனம் அப்படித்தான் எட்டு இடத்தில் துளைத்துவிட்டுப் போனது. படுக்கையறைச் சுவர் பச்சை பிடித்து, கடைசியில் தட்டோடுகளைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்க வேண்டியதாயிற்று. துளைக்காமல் கான்கிரீட் கட்டைகளை மாடியிலேயே வார்த்து, அதன் மேல் கால்களை நிறுத்தச் சொல்லுங்கள். காற்றுக்குத் தாங்கும் எடையில் அந்தக் கட்டை இருக்க வேண்டும். தாங்கிக் கம்பி துருப்பிடிக்காத ஜிஐ கம்பிதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு அடி உயரத்தில் போட்டால் கீழே துணி காயப்போடலாம், வடகம் காயவைக்கப் பக்கத்தில் கொஞ்சம் வெயில் விட்டுவிடலாம். செலவு சற்றுக் கூடினாலும் மாடி நம் கையில் இருக்கும்.

வெயில் கொளுத்தினால் கரண்ட் கூடுதலாக வருமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு ஆகாது. பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. கத்திரி வெயிலில் நம் மாடியில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.35 சதவீதம் குறையும். அந்த நேரத்தில் 12, 13 சதவீதம் போய்விடும். மாசி, பங்குனிதான் நமக்கு நல்ல மாதங்கள். வானம் தெளிவு, சூடும் மிதம். ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகத்தால் குறையும். அதனால் ஒரு மாத உற்பத்தியைப் பார்த்து முடிவுக்கு வராமல் வருடக் கணக்கைப் பாருங்கள். பேனலுக்கும் தரைக்கும் இடையே காற்று புகுந்து போக இடம் விட்டால் சூடு கொஞ்சம் தணியும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்?

பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். மேலூர் பக்கம் கிரானைட் தூசி, பெரிய ரோட்டோரம் புழுதி என்றால் வாரம் ஒருமுறை. விடியற்காலையில் செய்யுங்கள். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளையாகப் படியும், துடைத்துவிட வேண்டும்.

அடுக்குமாடியில் இருக்கிறோம். வாடகை வீடு என்றால்?

அடுக்குமாடியின் லிப்ட், மோட்டார், பொது விளக்குகளுக்காகச் சங்கத்தின் பெயரில் போடலாம். அதற்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. லிப்ட் உள்ள குடியிருப்புகளின் பொது இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது, யூனிட் விலையும் அதிகம். ஆகவே இங்கே லாபம் வேகமாகத் தெரியும். தடை கரண்டில் இல்லை, கூட்டத்தில் எல்லாரும் சரி என்று சொல்வதில்தான்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தத் திட்டத்தில் வழி கிடைப்பது கடினம். ஈபி இணைப்பு அவர்கள் பெயரில் இருக்க வேண்டும், கூரைக்கு வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும். செல்லூரிலும் அனுப்பானடியிலும் ஒரே கட்டிடத்தில் நான்கைந்து குடும்பம் குடியிருக்கும் ஊர் இது. அவர்களுக்கு எளிதில் எட்டாத திட்டம் பாதித் திட்டம்தான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

தோட்டத்துக்கு சோலார் பம்ப் போடலாமா?

மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு பிஎம் குசும் திட்டத்தின் கீழ் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து 60 சதவீதம் மானியம் தருகின்றன. நம் மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம். அந்த இணைப்பு ஏற்கெனவே உள்ளவருக்கு சோலார் பம்பால் பணம் மிச்சமாகாது. இணைப்புக்காக வரிசையில் காத்திருப்பவருக்கும், டீசல் இன்ஜினில் இறைப்பவருக்கும் இது பெரிய விடுதலை. உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைக்குத் தண்ணீர் விடுபவர்களுக்குப் பகலிலேயே வேலை முடிந்துவிடும். ராத்திரி மும்முனைக் கரண்டுக்காக டார்ச் எடுத்துக்கொண்டு பாம்பு பல்லிக்கு நடுவே கிணற்றடிக்குப் போக வேண்டாம். செலவில்லை என்று நாள் முழுக்க ஓடவிட்டால் நிலத்தடி நீர் இறங்கும். சொட்டுநீரும் சேர்த்துப் போடுங்கள்.

கமுதியில் அவ்வளவு பெரிய சோலார் ஆலை எப்படி வந்தது?

2016 செப்டம்பரில் திறந்த 648 மெகாவாட் ஆலை அது. 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல். ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அப்போது உலகிலேயே பெரியது. சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைத்த சீமையில், நீலக் கண்ணாடி வயலாக விரிந்து கிடக்கிறது.

அது வந்ததற்குக் காரணம் கொள்கை. 2010-ல் தேசிய சோலார் திட்டம் 2022-க்குள் 20,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. 2015-ல் அதையே ஒரு லட்சமாக உயர்த்தினார்கள். தமிழ்நாடு 2012-ல் தனிக் கொள்கை அறிவித்து, 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றது. 2019-ல் இன்னொரு கொள்கை, 2023-க்குள் 9,000, அதில் 40 சதவீதம் கூரைகளில் என்றது. இரண்டு இலக்கும் சொன்ன ஆண்டில் எட்டப்படவில்லை. கூரைப் பங்கு ரொம்பவே பின்தங்கியது. காரணம் சுலபம்: பெரிய ஆலைக்கு ஒரு கையெழுத்து, கூரைக்கு வீட்டுக்கு வீடு கையெழுத்து.

விலை விஷயத்தில் ஒரு பாடம் இருக்கிறது. கமுதிக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று நிர்ணயித்தார்கள். 2017-ல் இதே தமிழ்நாட்டில் ஏலம் விட்டபோது 3 ரூபாய் 47 காசுக்கு வந்தது. பேனல் விலை உலகெங்கும் சரிந்ததும், நிர்ணய விலையை விட்டுவிட்டு ஏலத்துக்கு மாறியதும் சேர்ந்து செய்த வேலை. ஒப்பந்தங்கள் 25 ஆண்டுக்குப் போடப்படுவதால், எந்த ஆண்டில் எந்த முறையில் கையெழுத்தாகிறது என்பது நம் பில் வரைக்கும் வந்து சேரும்.

வீட்டில் சின்னக் காற்றாடி வைக்கலாமா?

வேண்டாம். மதுரை ஊருக்குள் அதற்கு வேண்டிய காற்று இல்லை. ஆண்டிபட்டி கணவாய் தாண்டினால் தேனிப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதைப் பார்க்கலாம். மலை இடைவெளியில் புகும் காற்று அங்கேதான். 1986-ல் தூத்துக்குடியில் 55 கிலோவாட் இயந்திரங்களில் தொடங்கியது, இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. நல்ல காற்றுள்ள இடங்களை அந்தக் காலத்துச் சின்ன இயந்திரங்களே பிடித்துக்கொண்டிருப்பதால், அவற்றை மாற்ற 2024-ல் மாநில அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. தேனி, நெல்லைக்கு அது நல்ல செய்தி.

சூரியன் மறைந்த பிறகு என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் இனி எல்லாக் கொள்கைக்கும் மையம். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகல் தேவையில் சோலார் கைகொடுக்கும். மாலை ஏழு மணிக்கு எல்லார் வீட்டிலும் விளக்கு, டிவி, ஏசி போடும்போது பேனல் தூங்கிவிடும்.

அதற்கு ஒரு வழி பேட்டரி. இன்னொரு வழி தண்ணீர். பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் கீழ் அணை நீரை மேல் அணைக்கு ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுக்கலாம். ஆனைமலையில் கடம்பாறை நிலையம் 400 மெகாவாட் அளவில் பல பத்தாண்டுகளாக இதைச் செய்கிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. நமக்குப் பழக்கமான நீர்மின்சாரம் வேறு வகை. முல்லைப் பெரியாறு தண்ணீர் லோயர் கேம்ப்பில் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் வைகை அணைக்கு வருகிறது. 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய் சாராத மின்திறன் 500 கிகாவாட் (5 லட்சம் மெகாவாட்) என்று நாடு வைத்திருக்கும் இலக்கு, இந்தச் சேமிப்பு இல்லாமல் காகிதத்தில்தான் நிற்கும்.

25 வருடம் கழித்துப் பேனலை என்ன செய்வது?

25 வருடத்தில் பேனல் செத்துவிடாது. வருடத்துக்கு அரை சதவீதம் அளவில் குறைந்து, அப்போதும் 85 சதவீதத்துக்கு மேல் கொடுக்கும். இன்வெர்ட்டரை நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை இப்போதே கணக்கில் வையுங்கள். 2022-ன் மின்னணுக் கழிவு விதிகளில் பேனல்களும் அடங்கும். பழைய பேனலைக் காயலான் கடைக்குப் போட்டு உடைக்க விடாதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் என்னென்ன சரிபார்க்க வேண்டும்?

ஈபி இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் ஊரில் அதிகம். விண்ணப்பிப்பவர் பெயரும் இணைப்பின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போகாமல் மானியம் நின்றுபோவதை அடிக்கடி பார்க்கிறேன். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு வாருங்கள். வீட்டு வரி ரசீது, ஆதார், வங்கிப் புத்தகம், கடைசி பில் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் வேண்டுமென்றால் அரசு வங்கிகள் இந்தத் திட்டத்துக்கென்று 3 கிலோவாட் வரை பிணையில்லாமல், தனிநபர் கடனைவிடக் குறைந்த வட்டியில் தருகின்றன. இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டு, பேனல், இன்வெர்ட்டர் இரண்டின் கம்பெனி பெயரையும் மாடலையும் எழுத்தில் வாங்குங்கள். எர்த்திங் குழிகள், இடிதாங்கி, உயரத் தாங்கி எல்லாம் அந்த விலைக்குள் அடக்கமா என்று கேளுங்கள். திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டு வரை. பெயர் மாற்றத்துக்கும் மீட்டருக்கும் ஆகும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.